ரப்பர் ஷீட்டும் ஒரு ரவுண்ட் கிக்கும்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வீட்டில் கிடக்கும் பொருளைக் கடையில் போய் வாங்கச் சொன்னால் சுள்ளென்று கோபம் வந்துவிடும். தேங்காய், கறிவேப்பிலை, வாழையிலை, விறகு, எதுவானாலும் சரி. ஒருமுறை டாக்டர் ஒருவர் நெல்லிக்காய்ச் சாறு பாட்டிலை எழுதிக் கொடுத்தபோது, "மரமே எங்க வீட்டுப் பொறத்தால நிக்குது சார்" என்று அவரிடமே சண்டைக்குப் போனவள் நான். இந்தக் குணத்தால் நான் இழந்தவை: ஒரு கராத்தே கால்சட்டை, ஒரு மேசை விரிப்பு, இரண்டு தட்டுப் பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி), மார்த்தாண்டத்தில் ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் முன்னால் என் மானம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் பெருமைப்பட்ட நாளும் அதே நாள்தான். அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன். (மறைத்தாலும் பயனில்லை. எங்கள் பக்கத்தில் இதைச் சொல்ல என்னை விட்டால் பத்துப் பேர் இருக்கிறார்கள்.)

எங்கள் வீடு சிதறாலில், மலைக்கு இந்தப் பக்கம். வீட்டைச் சுற்றி எங்கள் ரப்பர் மரங்கள். என் கணவர் ஸ்ரீகுமார் விடியற்காலையில் மரம் வெட்டுவார், அதாவது பால் வடிய மரப்பட்டையைக் கத்தியால் கீறிவிடுவார். சிரட்டைகளில் வடிந்த பாலை ஒன்பது மணிக்கு மேல் பக்கெட்டில் சேகரிப்பது, உறைய வைத்து மிஷினில் அழுத்தி ஷீட் அடிப்பது, கொடியில் காயப்போடுவது எல்லாம் என் வேலை. கொடியில் நீர் வடிந்த ஷீட் பிறகு புகை போடும் கொட்டகையான புகைப்புரைக்குள் போகும். புகையில் சில நாள் கிடந்து, வெளுத்துப் போய் உள்ளே போனது பழுப்பு நிறத்தில் பளபளவென்று வெளியே வரும்.

என் மகள் அபி பத்து வயதில் மார்த்தாண்டத்தில் கராத்தே வகுப்புக்குச் சேர்ந்தாள். சனி, ஞாயிறு காலை வகுப்பு. மற்ற அம்மாக்களுடன் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பேன். சொல்லிக் கொடுத்தவள் ஷைனி என்று ஓர் இருபத்து நான்கு வயதுப் பெண். சின்னப் பெண்தான், ஆனாலும் எல்லோருக்கும் மாஸ்டர். ஒருநாள் அவள் வெளியே வந்து, "அக்கா, சும்மாதான இருக்கீங்க, நீங்களும் உள்ள வரலாம்லா?" என்றாள். பொதுவாகத்தான் கேட்டாள். பக்கத்தில் இருந்த அம்மாக்கள் சிரித்தார்கள். யாராவது சிரித்தால் போதும், நான் அந்தக் காரியத்தைச் செய்துவிடுவேன். இது என் இரண்டாவது கெட்ட குணம்.

அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. வகுப்பில் உயரப்படி வரிசை கிடையாது, பெல்ட்படிதான். எட்டு வயதுப் பையன்களுக்குப் பின்னால், வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு கடைசியில் நின்றேன். மஞ்சள் வாங்கினேன். ஆரஞ்சு வாங்கினேன். அடுத்தது பச்சை. அங்கேதான் வந்தது வினை. பச்சை பெல்ட்டுக்கு, காலைச் சுழற்றி உதைக்கும் ரவுண்ட் கிக் தலை உயரத்துக்குப் போக வேண்டும்.

என் கால் என் இடுப்பு வரைதான் போகும். அதற்கு மேல் ஒரு விரல் அளவு தூக்கினாலும் உடம்பு மொத்தமும் மறுபக்கம் சாய்ந்துவிடும். வகுப்பில் சின்னப் பிள்ளைகள் காலை அநாயாசமாகத் தூக்கிக் காதருகே கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல.

"அக்கா, நீங்க காலத் தூக்குறீங்க. காலத் தூக்கப்பிடாது, முட்டத் தூக்கணும். முட்டு மேல போனாத்தான் காலு பின்னால வரும். நின்ன காலோட பாதம் நல்லா திரும்பணும். இடுப்பு திறக்கணும்" என்பாள் ஷைனி மாஸ்டர்.

(எங்கள் ஊரில் முழங்காலுக்கு முட்டு என்று பேர்.) அவள் சொன்னதை நான் மந்திரம் போல எந்நேரமும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரிந்தேன். மரத்தடியில் பால் எடுக்கும்போதும், மிஷின் சுற்றும்போதும், மீன் கழுவும்போதும், "முட்டத் தூக்கு, காலத் தூக்காத, பாதத்தத் திருப்பு." பக்கத்துத் தோட்டத்தில் வெட்டுகிறவர் ஒருநாள் என் கணவரிடம் எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாராம்.

இந்த நேரத்தில்தான் வீட்டில் ஓர் ஒப்பந்தம் வந்தது. மழை விட்டு, பால் நன்றாக வடிகிற மாதங்கள். சனி ஞாயிறு நான் வகுப்புக்குப் போய்விட்டால் வெட்டுவது, பால் எடுப்பது, ஷீட் அடிப்பது மூன்றும் என் கணவர் தலையில். ஆறு மாதம் ஒரு வார்த்தை பேசாமல் செய்தார். பிறகு முதுகு பிடித்துக்கொண்டது.

"சுஜா, இஞ்ச பாரு. நான் வேண்டாம்னு சொல்லல்ல. இந்தப் பரீட்சையில பாஸானா நீ போய்க்கோ, முதுகு ஒடிஞ்சாலும் பால நான் எடுக்கேன். தோத்தா விட்டுரு. சனி ஞாயிறும் பக்கெட்டத் தூக்கு. சம்மதமா?"

நியாயமான பேச்சுதான். நியாயமாகப் பேசினால் எனக்கு இன்னும் கோபம் வரும். "சம்மதம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கினேன். தோற்றால் எனக்கு அந்த இரண்டு மணி நேரம் போய்விடும். யாருடைய மனைவியாகவும், யாருடைய அம்மாவாகவும் இல்லாமல், வெறும் ஆரஞ்சு பெல்ட்டாக நிற்கும் இரண்டு மணி நேரம். அதை விட எனக்கு மனது இல்லை.

உடம்பு வளைய வேண்டுமென்றால் எல்லோரும் ஆளுக்கொரு ஸ்ட்ரெச்சிங் பேண்ட் வாங்கி வாருங்கள் என்றாள் மாஸ்டர். பாதத்தில் மாட்டிக் கையால் மெதுவாக இழுத்து, தொடையின் பின்பக்கத் தசையைத் தளர்த்துவதற்கான நீண்ட ரப்பர் பட்டை. தொடையைச் சுற்றி மாட்டி, அது இழுக்க இழுக்க முட்டைத் தூக்கியும் பழகலாம். "நல்ல ரப்பராப் பாத்து வாங்குங்க" என்றாள்.

ரப்பர்! என்னைப் பார்த்து! ரப்பர் காட்டுக்கு நடுவே குடியிருப்பவளைப் பார்த்து!

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? அன்று மாலையே புகைப்புரைக்குள் நுழைந்து, தொங்கிய ஷீட் ஒன்றின் ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு துண்டு வெட்டினேன். தையல் கத்தரி, அபியின் ஸ்கேல், கோடு போட ஒரு பென்சில். வேலை என்றால் சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது நன்றாகவே வேலை செய்தது. கொஞ்சம் நாறும், தொடையில் பழுப்புக் கறை படும், ஒரு வாரத்தில் தொய்ந்துவிடும். தொய்ந்தால் என்ன, புதிதாக ஒன்று வெட்டிக்கொள்வேன். தினமும் காலையும் மாலையும் இழுத்தேன். முதல் வாரம் இடுப்பு, இரண்டாம் வாரம் விலா, நான்காம் வாரம் என் தோள் உயரம். குளியலறைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்தேன். கோடு ஏற ஏற எனக்குத் தலைக்கனமும் ஏறியது.

புகைப்புரையில் என் கணவருக்கு வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"சவத்து எலி ஒண்ணு உள்ள கேறியிருக்கு. ஷீட்டு ஓரத்தையெல்லாம் தின்னுட்டுப் போவுது."

"அப்பிடியா? வெஷம் வைங்களேன்" என்றேன், தலையைத் தூக்காமல்.

"நானும் எத்தனையோ எலியப் பாத்திருக்கேன். இது ஸ்கேலு வச்சித் தின்னுதுட்டி!"

மறுநாள் சந்தையிலிருந்து எலிப்பொறி வாங்கி வந்தார். தினமும் சுட்ட தேங்காய்த் துண்டு மாட்டுவார். நான் பொறியைத் தாண்டிக் குதித்துப் போய் வெட்டுவேன். (அந்தக் குதியும் ஒரு நல்ல பயிற்சி.)

பரீட்சை ஒரு சனிக்கிழமை. அன்று மரங்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அவரும் வருவதாகச் சொன்னார். அபி முன்னாலேயே மாஸ்டருடன் போய்விட்டாள். நான் வீட்டில் என் மகா யோசனையைச் செயல்படுத்திக்கொண்டிருந்தேன்.

யோசனை இதுதான். இரண்டு கையிலும் பால் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்து, வீட்டு முற்றத்தில் இறக்கி வைத்தால், கை இரண்டும் தானாக மேலே மிதக்கும். அனுபவித்தவர்களுக்குத் தெரியும். காலுக்கும் அதே விதிதானே? இரண்டு தொடையையும் சேர்த்து ரப்பரால் கட்டிக்கொண்டு காலையிலிருந்து நடமாடினால், மேடை ஏறும் முன் அவிழ்த்ததும் கால் பறக்காதா?

பழுப்பு ஷீட் என்றால் புதிதாய்த் துவைத்த வெள்ளைக் கராத்தே உடுப்பில் கறை படும். ஆகவே அறிவாளியான நான், வெள்ளிக்கிழமை அடித்துக் கொடியில் தொங்கவிட்ட, புகையே படாத வெள்ளை ஷீட்டில் ஒரு பட்டை வெட்டினேன். லெகின்ஸுக்கு மேல், முட்டுக்கு ஒரு சாண் மேலே சுற்றி, இரண்டு நுனியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினேன். புகை காட்டாத பச்சை ஷீட் என்பதால் முடிச்சே தேவையில்லாமல் தானாக ஒட்டிக்கொண்டது. (அதை ஒரு வசதி என்று நினைத்தேன், பாருங்கள்.) மேலே தொளதொளவென்று கராத்தே கால்சட்டை; அதன் கவட்டுப் பகுதி பட்டையில் தடுத்துத் தொங்கியதை நீண்ட மேல்சட்டை மறைத்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை.

பைக்கில் இருபக்கமும் கால் போட முடியாததால் ஒருபக்கமாக உட்கார்ந்தேன். "இன்னைக்கித்தான் அடக்கமா உக்காந்திருக்கா" என்று அவர் மெச்சிக்கொண்டார்.

மார்த்தாண்டத்தில் போக்குவரத்து நெரிசல் என்பது புதிய செய்தி அல்ல. அன்று முன்னால் ஒரு லாரி பழுதாகி நிற்க, நாங்கள் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். பைக்கின் கறுப்பு இருக்கை கொதித்தது. என் தொடைக்கு அடியில் ஏதோ இளகுவது போல் இருந்தது. பச்சை ஷீட்டை வெயிலில் போடக் கூடாது, போட்டால் பிசினாகிவிடும் என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஷீட் கொடியில் கிடந்தால் தெரியும். என் காலில் கிடந்தபோது அந்த அறிவு வேலை செய்யவில்லை.

மண்டபத்தில் இறங்கியதும் நேரே கழிவறைக்கு ஓடினேன். ஓடினேன் என்பது ஒரு பேச்சுக்கு. தத்தித் தத்திப் போனேன். உள்ளே போய்ப் பார்த்தால், நுனி எது நடு எது என்று தெரியவில்லை. பட்டை லெகின்ஸோடு ஒட்டி, கால்சட்டையின் உள்பக்கத்தோடும் ஒட்டி, எல்லாம் ஒரே உடம்பாகிவிட்டது. கால்சட்டையைக் கழற்றவும் முடியாது, பட்டையை இறக்கவும் முடியாது. இழுத்தேன். நீண்டது. விட்டேன். திரும்ப வந்து சேர்ந்தது. அந்த நேரம் பார்த்து மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் சிரிப்பு என்ற ஒன்றைக் கேள்விப்படாதவர். முன்னால் சிவப்பு விரிப்பு போட்ட மேசை. அதில் பதிவேடு, டீ, இரண்டு தட்டு நிறையப் பழம்பொரி. நான் வணங்கினேன். அதுவரை சிறப்பாகத்தான் இருந்தது.

"கால அகட்டி நில்லுங்க" என்றார்.

குதிரை மேல் உட்கார்ந்தது போல நிற்க வேண்டும். அகட்டினேன். வழுவழு தரையில் என் பாதங்கள் இரண்டும் மெதுவாகச் சறுக்கி, மறுபடி ஒன்றாக வந்து சேர்ந்தன.

"அகலமா!"

அகட்டினேன். சேர்ந்தது. அகட்டினேன். சேர்ந்தது. முன்வரிசைக் குழந்தைகள் கைதட்ட ஆரம்பித்தார்கள், இதுவும் ஒரு வித்தை என்று நினைத்து. வரிசையில் நின்ற அபி கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பரவால்ல, கிக்கப் பாப்போம்" என்றார் அவர், பொறுமை இழந்து. ஷைனி மாஸ்டர், உதை வாங்கும் மெத்தையான பேடைத் தன் தலை உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். தாயே பகவதி என்று மனதுக்குள் சொல்லி, இருந்த பலம் முழுவதையும் கூட்டி உதைத்தேன்.

கால் போனது. நெஞ்சு உயரம் போனது, தோள் உயரம் போனது. பிறகு ரப்பர் தன் தர்மத்தைக் காட்டியது. போன காலைத் திரும்ப இழுக்க முடியாமல், நின்ற காலை மேலே இழுத்தது. ஒரு கணம் என் இரண்டு பாதமும் தரையில் இல்லை. விழும்போது பக்கத்தில் கிடைத்ததைப் பிடித்தேன். கிடைத்தது மேசை விரிப்பு. டீ, பதிவேடு, பழம்பொரி எல்லாம் என்மேல் பொழிந்தன.

எங்கோ ஒரு குழந்தை, "அம்மா, என்னமோ நாறுது" என்றது. உண்மைதான். வெயிலில் வெந்த பச்சை ஷீட்டின் புளித்த வாடை மேடையிலிருந்து மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. நான்காவது வரிசையில் என் கணவர் எழுந்து நின்றார். மூக்கை இரண்டு முறை உறிஞ்சினார். ரப்பரோடு பிறந்து ரப்பரோடு வளர்ந்த மனிதர். அவர் முகத்தில் ஒரு பெரிய உண்மை உதயமாவதை நான் தரையிலிருந்தே பார்த்தேன்.

"ஏட்டி! நீதானா அந்த எலி!"

மைக் தேவைப்படவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.

அடுத்து அவர் செய்த காரியம், வெளியே ஓடி, பைக் பெட்டியில் எப்போதும் வைத்திருக்கும் ரப்பர் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு மேடை ஏறியது. எக்ஸாமினர் நாற்காலியோடு இரண்டடி பின்னால் போனார். "ஒண்ணும் இல்ல சார், என் பெஞ்சாதியாக்கும்" என்று இவர் விளக்கம் சொன்னார். (அதைக் கேட்டு அவர் இன்னும் இரண்டடி பின்னால் போனார்.)

இவர் மண்டியிட்டுக் கால்சட்டையை இரண்டு முட்டுக்கும் நடுவே கீறி, பட்டையை வெளியே இழுத்து வெட்டினார். இருபது வருடம் மரம் வெட்டிய கை. இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழே, சரிவாகத்தான் வெட்டத் தெரியும். பட்டை அறுந்து சுருண்டது. எனக்கு லெகின்ஸ் இருந்தது, கடவுளுக்கு நன்றி. கால்சட்டைதான் பாவாடையாகிவிட்டது.

"இன்னொரு வாய்ப்பு தரலாம். முடியாதுன்னா அடுத்த தடவை பாக்கலாம்" என்றார் எக்ஸாமினர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உடம்பெல்லாம் டீ. ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. இந்த மனிதருக்கு இதைவிடச் சுலபமான வெற்றி கிடைக்காது. "வா, வீட்டுக்குப் போவோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் எழுந்து போய்விட்டிருப்பேன். அவர் குனிந்து என் தலைமுடியில் ஒட்டியிருந்த பழம்பொரித் துண்டை எடுத்துப் போட்டார். பிறகு காதோடு சொன்னார்.

"முட்டத் தூக்குட்டி. காலத் தூக்காத. பாதத்தத் திருப்பு."

மூன்று மாதமாக நான் புலம்பித் திரிந்ததை இந்த மனிதர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்!

எழுந்தேன். மாஸ்டர் மறுபடி பேடைத் தூக்கினாள். முட்டைத் தூக்கினேன். பாதம் திரும்பியது. இடுப்பு கதவு போலத் திறந்தது. காலையிலிருந்து கட்டிக் கிடந்த கால் பக்கெட்டை இறக்கி வைத்த கை போல மிதந்தது. (என் யோசனை சரிதான். அதைத்தான் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.) டப் என்ற சத்தம் கேட்டது. பேட் மாஸ்டரின் கையை விட்டுப் பறந்து மூன்றாவது வரிசையில் போய் விழுந்தது. நான் இரண்டு காலில், நிமிர்ந்து, மேடையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் கைதட்டலை நான் இன்றுவரை மறக்கவில்லை. கல்யாணத்தன்றுகூட எனக்காக அத்தனை பேர் கைதட்டியதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. சும்மா பெருமை இல்லை, நெஞ்சு வெடிக்கிற பெருமை. அபி வரிசையை விட்டு ஓடிவந்து, டீ, பழம்பொரி எதையும் பார்க்காமல் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எக்ஸாமினர் நனைந்த பதிவேட்டைத் துடைத்து எழுதினார்: "உயரம்: மிக நன்று. உடுப்பு: கவனம் தேவை."

லெகின்ஸிலிருந்து ஷீட்டைப் பிரிக்க அன்று மாலை முழுவதும் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தோம். பிரியவில்லை. அப்படியே சுருட்டிப் புகைப்புரை உத்தரத்தில் இவர் தொங்கவிட்டார், பார்க்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு சாட்சி வேண்டுமாம். எங்கள் வகுப்பில் சேருகிறவர்களிடம் "ஸ்ட்ரெச்சிங் பேண்ட் கடையில வாங்கினதா இருக்கணும்" என்று மாஸ்டர் தனியாக ஒருமுறை சொல்வாள். சொல்லும்போது என்னைப் பார்க்க மாட்டாள். வீட்டில் எது காணாமல் போனாலும், ரிமோட்டோ பேனாவோ, "எலியக் கேளு" என்பார்கள். சொந்தக்காரர் கல்யாணத்தில் பழம்பொரித் தட்டு வந்தால் என் பக்கத்திலிருந்து மேசை விரிப்பை யாராவது நகர்த்தி வைப்பார்கள்.

இது நடந்து ஐந்து வருடம் ஆயிற்று. எனக்கு இப்போது பழுப்பு பெல்ட். சனி ஞாயிறு பாலை ஒப்பந்தப்படி இவர்தான் எடுக்கிறார். முதுகைப் பிடித்துக்கொண்டு எடுக்கிறார். என்னுடைய ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு மாதம் முன்பே புகைப்புரைக்குப் பூட்டு விழும். சாவி இவர் இடுப்பில்.

போன வாரம் ஷீட் இறக்க உதவிக்குக் கூப்பிட்டார். இறக்கும்போது பார்த்தேன். ஒரு ஷீட்டின் ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு இல்லை. நான் தொடவில்லை, பகவதி சத்தியமாக. அபிக்குக் கடையில் வாங்கிய ஸ்ட்ரெச்சிங் பேண்டே மூன்று இருக்கிறது. வெட்டு ஸ்கேல் வைத்தது போலவும் இல்லை. இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழே, சரிவாக இறங்கியிருந்தது.

இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் மிகுந்த அக்கறையோடு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரணிலிருந்து பழைய எலிப்பொறியை எடுத்துத் தூசி தட்டினேன். தேங்காய்த் துண்டுக்குப் பதிலாக எங்கள் கராத்தே வகுப்பின் சேர்க்கைப் படிவத்தை நாலாக மடித்து அதில் மாட்டி, புகைப்புரை வாசலில் வைத்தேன்.

காலையில் போய்ப் பார்த்தால் பொறி விழுந்திருந்தது. படிவத்தைக் காணவில்லை.